ஏற்காட்டுல கேம்ப் ஃபயர் ஸ்மோர்ஸ்: மேல கருகி உள்ள பச்சையா இருக்காம பண்றது எப்படி?

அஸ்தம்பட்டி_பயணி கேட்டது:

வணக்கம். ஜனவரி கடைசியில ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்ட பங்களாவுல ஒரு ராத்திரி தங்கறோம். மொத்தம் 15 பேர். அதுல 6 பேர் பசங்க, 4 பேர் முட்டைகூட தொடாத சைவம். செங்கல் கட்டின நெருப்புக் குழி அங்கேயே இருக்கு, தீ மூட்ட அனுமதியும் உண்டு. விறகும் சாமானும் நாங்கதான் சேலத்துல இருந்து ஏத்திட்டுப் போகணும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்மோர்ஸ் போடலாம்னு முடிவு. தெரியாதவங்களுக்கு: வாட்டின மார்ஷ்மெல்லோவையும் ஒரு துண்டு சாக்லேட்டையும் ரெண்டு பிஸ்கட்டுக்கு நடுவுல வச்சு அமுக்கிச் சாப்பிடற அமெரிக்கப் பண்டம். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் காய்த்துருவலும் வைக்கிற நம்ம சேலம் தட்டுவடை செட்டோட இனிப்புத் தம்பின்னு வச்சுக்கலாம்.

மார்ஷ்மெல்லோ மேல கரியாகி உள்ள சில்லுனே இருக்கறது ஏன்? குச்சியில இருந்து நழுவி நெருப்புல விழாம இருக்க என்ன பண்ணணும்? மலைக் குளிர்ல சாக்லேட் உருகுமா? சைவக்காரங்களுக்கு என்ன குடுக்கறது? எந்த விறகு, எந்தக் குச்சி? இதெல்லாம் போக, எல்லாரும் பண்ற அதே சாக்லேட் பிஸ்கட்டா இல்லாம நம்ம ஊர் சாமான் வச்சு ஏதாவது தேறுமா?

---

தணல்காரன் பதில்:

தீயில வாட்டாதீங்க, தணல்ல வாட்டுங்க. உங்க முதல் ரெண்டு கேள்விக்கும் பாதி பதில் இதுலயே வந்துடும். ஏரிக்கரையில சோளக்கதிர் சுடறவங்களைப் பாருங்க, எரியற தீயில யாராவது காட்டறாங்களா? கங்கு மேல வச்சு விசிறுவாங்க, அவ்ளோதான்.

மார்ஷ்மெல்லோங்கறது சர்க்கரைப் பாகும் ஜெலட்டினும் சேர்ந்த நுரை. உள்ள பாதிக்கு மேல காத்து. காத்து சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. தீக்கொழுந்துல பிடிச்சா மேல்தோல்ல இருக்கிற சர்க்கரை பத்து செகண்டுல கருகிடும், அந்தச் சூடு நடுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஜெலட்டின் இளக 35 டிகிரி வாக்குல போதும். ஆனா மேல பொன்னிறம் ஏற 150 டிகிரிக்கு மேல வேணும். மிதமான சூட்டுல ரெண்டு மூணு நிமிஷம் வச்சாதான் இது ரெண்டும் ஒண்ணா நடக்கும். கொழுந்துல புகைக்கரி வேற ஒட்டும், அந்தக் கசப்பை எந்தச் சாக்லேட்டும் மறைக்காது.

8 மணிக்கு ஸ்மோர்ஸ்னா 7 மணிக்கே மூட்டிடுங்க. நல்ல கங்கு விழ முக்கால் மணி நேரம், ஈர விறகுன்னா அதுக்கும் மேல. தணல் விழுந்ததும் ஒரு நீளக் கம்பியால அதைக் குழியோட ஒரு பக்கமா இழுத்து ரெண்டு அங்குல கனத்துக்குப் பரப்புங்க. எரியற கட்டையெல்லாம் எதிர்ப்பக்கம் கிடக்கட்டும். குளிர் காயறவங்க அந்தப் பக்கம், வாட்டறவங்க இந்தப் பக்கம். இப்படிப் பிரிக்காததாலதான் நிறைய பேருக்குக் கருகுது.

சூடு பார்க்க உள்ளங்கையைத் தணலுக்கு 15 செ.மீ. மேல நீட்டி எண்ணுங்க. மூணு நாலு வரைக்கும் தாங்கினா சரி. ஒண்ணுலயே இழுத்துக்கிட்டா இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுங்க.

அந்த உயரத்துல கம்பியைப் பிடிச்சு, அஞ்சாறு செகண்டுக்கு ஒரு கால் சுத்து. முதல் ஒரு நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், பசங்க பொறுமை போய்த் தாழ்த்துவாங்க, விடாதீங்க. அப்புறம் உப்ப ஆரம்பிக்கும், ஒண்ணரை மடங்கு ஆகும். தோல் வறுத்த ரவை நிறத்துக்கு வந்து, அதுக்கப்புறம் நெய்யில வறுத்த முந்திரி நிறத்துக்குப் போகும். அந்த நேரத்துல கம்பியை லேசா சாய்ச்சா மொத்த உருண்டையும் கம்பி மேல தொய்யும். அதுதான் பதம். வெளிய எடுத்ததும் தோல் சுருங்கிச் சின்னச் சின்ன மடிப்பு விழும். அதுக்கப்புறம் பத்து செகண்டுக்குள்ள பிஸ்கட் மேல ஏத்திடணும், தாமதிச்சா கீழ போயிடும்.

நழுவறதுக்குக் காரணம் குச்சி. மெல்லிசா வழவழன்னு உருண்டைக் கம்பியா இருந்தா, ஒட்டியிருக்கிற இடம் உருகினதும் கம்பி மட்டும் சுத்தும், மார்ஷ்மெல்லோ அப்படியே நிக்கும். ஒரு பக்கமே கருகறதுக்கும் இதுதான் காரணம். ரெண்டு முள் இருக்கிற கம்பியோ, தட்டையான எவர்சில்வர் கபாப் கம்பியோ வாங்குங்க. நீளம் 75 செ.மீ.யாவது வேணும். மார்ஷ்மெல்லோவோட தட்டைப் பக்கத்துல குத்தி, நீளவாக்குல, மேல 1 செ.மீ. விட்டு நிறுத்துங்க. மறுபக்கம் வெளிய வந்தா அந்த ஓட்டை வழியா ஒழுகும்.

கட்டுக்கம்பி, ஜி.ஐ. கம்பி, பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் வேண்டாம். துத்தநாகமோ வேற முலாமோ பூசியிருக்கும், தணல்ல பட்டா அது புகையும். மூங்கில் குச்சின்னா அரை மணி நேரம் தண்ணியில ஊறப் போடுங்க. முழு மூங்கிலைக் கணு கணுவா நெருப்புல போட்டுடாதீங்க, உள்ள இருக்கிற காத்து சூடேறி வெடிக்கும்.

அங்கேயே குச்சி ஒடிக்கிறதுன்னா கொய்யாக் கிளை, காப்பிக் கவாத்துக் கிளை நல்லது. அரளிக் குச்சியைத் தொடவே கூடாது. நேரா, வாகா இருக்கேன்னு ஒடிக்கத் தோணும். பட்டை, இலை, பால் எல்லாமே விஷம், சூட்டுல போகாது. எருக்கு, கள்ளி, உண்ணிச்செடியும் அதே கணக்கு. எந்த மரம்னு தெரியாட்டி ஒடிக்காதீங்க.

விறகைப் பொறுத்தவரை காப்பிக் கட்டை கிடைச்சா அதை அடிச்சுக்க ஆளில்ல. கெட்டி மரம், கங்கு ரொம்ப நேரம் நிக்கும். சவுக்கு, கருவேலம் ரெண்டும் சரி. சில்வர் ஓக் மளமளன்னு எரிஞ்சு சாம்பலாகிடும், மூட்ட மட்டும் வச்சுக்கங்க. தைலமரம் வாட்டறதுக்கு ஆகாது, அந்த வாசம் மார்ஷ்மெல்லோவுல ஏறிடும். பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட், மண்ணெண்ணெய் மூணும் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு 10 கிலோ விறகு, கூட ஒரு பை கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சி முதல்ல கொழுந்து விட்டு எரியும், பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல ஒரே சீரான கங்காகிடும். தணல் குறையறப்ப அதை எதிர்ப்பக்கத் தீயில போட்டு, கங்கானதும் இந்தப் பக்கம் இழுத்துக்கங்க.

சாக்லேட்: கோகோ வெண்ணெய் உருக 34 டிகிரி வாக்குல வேணும். ஜனவரி ராத்திரியில ஏற்காடு 12, 13 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிர்ல கட்டியா இருக்கிற சாக்லேட்டை ஒரு மார்ஷ்மெல்லோவோட சூடு மட்டும் உருக்காது. பிஸ்கட் மேல சாக்லேட்டை வச்சு, குழியோட செங்கல் விளிம்புல மூணு நாலு நிமிஷம் முன்னாடியே வரிசையா அடுக்கிடுங்க. ஓரம் பளபளன்னு மின்னினா தயார். மார்ஷ்மெல்லோவை வச்சு மூடி, 20 எண்ணிட்டுக் கடிங்க. மெல்லிய பாரா வாங்குங்க, கனமான பாளத்துக்கு இந்த வித்தை எடுபடாது.

---

பாகுப்பதம் பதில்:

தணல்காரன் சொன்னதுல மாத்த ஒண்ணுமில்ல. மார்ஷ்மெல்லோ பக்கம் மட்டும் நான் சொல்றேன்.

கடையில கிடைக்கிறதுல பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டுல இருந்தோ பன்றியில இருந்தோ மீன்ல இருந்தோ எடுக்கறது. முட்டை இல்லைன்னு பாக்கெட்ல போட்டிருக்கறதைப் பார்த்துச் சைவம்னு நினைச்சுடாதீங்க. பச்சைப் புள்ளியா (சைவம்), பழுப்பு முக்கோணமா (அசைவம்) இருக்குன்னு பாருங்க. பச்சைப் புள்ளி போட்டதுல ஜெலட்டினுக்குப் பதிலா அகர் (கடல்பாசி) அல்லது கராஜீனன் (இதுவும் கடல்பாசியில எடுக்கறதுதான்) இருக்கும்.

அகர் 85 டிகிரி வாக்குல வர்ற வரைக்கும் இளகாது. அதைத் தாண்டினா சட்டுனு தண்ணியாகி ஒழுகும். ஜெலட்டின் மாதிரி படிப்படியா உப்பி நிக்காது. அதனால அகர் மார்ஷ்மெல்லோவைக் கம்பியில குத்தாதீங்க. சின்ன இரும்புச் சட்டியில அடுக்கி, மேல தணல் போட்ட மூடியால மூடி வாட்டுங்க. சைவக்காரங்களுக்குத் தனிக் கம்பி, தனிச் சட்டி. ஒரே கம்பியை மாத்தி மாத்திக் குத்தினா புள்ளி பார்த்து வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல.

மத்தவங்களுக்கு வீட்டுலயே பண்றதா இருந்தா அளவு இது. ஜெலட்டின் தூள் 20 கிராமை 120 மி.லி. குளிர்ந்த தண்ணியில பத்து நிமிஷம் ஊற விடுங்க. வேற அடிகனமான பாத்திரத்துல சர்க்கரை 300 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 300 கிராம், தண்ணி 120 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காய்ச்சுங்க. குளுக்கோஸ் இல்லாம வெறும் சர்க்கரையில பண்ணினா பாகு பூத்துக்கிட்டு மணல் மாதிரி ஆகும், அதை விட்டுடாதீங்க.

பாகு 115 டிகிரிக்கு வரணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர்கிட்ட, ஏற்காடு 1,500 மீட்டர். மேல தண்ணியே 95 டிகிரியில கொதிச்சுடும். அங்க போய்க் காய்ச்சினா பாகுப் பதமும் அதே அளவு கீழ இறங்கும், தெர்மாமீட்டர்ல 110 காட்டினாலே போதும். 115 வரைக்கும் காத்திருந்தா கெட்டிப்பட்டு ரப்பராகிடும். சேலத்துல 114 வச்சுக்கங்க. தெர்மாமீட்டரே இல்லையா, அதிரசத்துக்குப் பாக்கற மாதிரி ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணியில விட்டு உருட்டுங்க. கையில மெத்துன்னு உருண்டு, தண்ணியை விட்டு எடுத்ததும் தானா தட்டையாகணும். இந்தச் சோதனை மலையிலயும் சமவெளியிலயும் ஒண்ணுதான்.

அடுப்பை அணைச்சு, நுரை அடங்கினதும் ஊறின ஜெலட்டின் மேல மெல்லிசா ஊத்திக்கிட்டே மெஷின்ல அடிங்க. முதல்ல குறைஞ்ச வேகம், அப்புறம் முழு வேகம், 10 நிமிஷத்துக்குக் குறையாம. பாத்திரத்தோட அடி வெதுவெதுன்னு வந்து, கலவை வெள்ளை வெளேர்னு மூணு மடங்கு ஆகி, அடிப்பானைத் தூக்கினா பட்டை பட்டையா விழணும். சீக்கிரம் நிறுத்தினா கனமா இருக்கும், தணல்ல உப்பாது. கடைசியில வெனிலா. எண்ணெய் தடவி மாவு தூவின 20 செ.மீ. சதுரத் தட்டுல கொட்டி, மூடாம ஆறு மணி நேரம் விடுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, ஈரம் கோத்துக்கும். 36 துண்டு போடலாம்.

மேல தூவ சோள மாவும் பொடிச்ச சர்க்கரையும் சம பாகம். சோள மாவுக்குப் பதிலா மரவள்ளி ஸ்டார்ச்சும் சரி. ஜவ்வரிசி ஊர்ல இருந்துக்கிட்டு அதைத் தேடி அலைய வேண்டியதில்ல. காத்துப் புகாத டப்பாவுல வச்சா ஒரு வாரம் நிக்கும். மலையில பனி இறங்கற நேரத்துல டப்பாவைத் திறந்து வச்சா அரை மணியில பிசுபிசுத்துடும். பிஸ்கட்டும் அப்படித்தான் நமத்துப் போகும், கைக்கு வேணுங்கறதை மட்டும் எடுங்க.

---

லீபஜார்_லிஸ்ட் பதில்:

நம்ம ஊர்ச் சாமானுக்கு வர்றேன்.

அடிப்படை பிஸ்கட் முதல்ல. அமெரிக்காவுல ஸ்மோர்ஸுக்குப் போடற கிரஹாம் கிராக்கர் பிஸ்கட் இங்க சுலபமா கிடைக்காது, தேடாதீங்க. கோதுமை டைஜஸ்டிவ்தான் கிட்ட வரும், லேசா உப்பு இருக்கறதால இனிப்பு திகட்டாது. மாரி பிஸ்கட் மெல்லிசு, அமுக்கும்போது நொறுங்கும், ஆனா சின்னப் பசங்க வாய்க்கு அதுதான் அளவு. க்ரீம் பிஸ்கட்டை விடுங்க, மேல இனிப்பு, நடுவுல இனிப்பு, அதுக்குள்ள இன்னொரு இனிப்பு.

தட்டுவடை: செட்டுக்குப் போடற சின்னத் தட்டுவடையே இதுக்கும் சரியான அளவு. அரிசி மாவுங்கறதால மொறுமொறுன்னு இருக்கும், அமுக்கினா சுத்தமா உடையும். காரம் குறைச்சல், பூண்டு போடாதது பார்த்து வாங்குங்க. கூட 60 சதவீதத்துக்கு மேல கோகோ இருக்கிற கறுப்புச் சாக்லேட், மேல மிளகை ஒண்ணு ரெண்டாத் தட்டிப் போடுங்க. சேர்வராயன் மலை மிளகுன்னா இன்னும் விசேஷம்.

காப்பி: ஏற்காடு வந்துட்டு காப்பி இல்லாமலா. ஆனா ஃபில்டர் தூளை அப்படியே தூவினா நறநறன்னு பல்லுல மாட்டும், டிகாஷன் ஊத்தினா பிஸ்கட் கரையும். வீட்டுலயே 100 மி.லி. ஃப்ரெஷ் க்ரீமைச் சூடாக்கி, 2 ஸ்பூன் காப்பித்தூள் போட்டுப் பத்து நிமிஷம் மூடி, வடிகட்டி, திரும்பச் சூடாக்கி 150 கிராம் நறுக்கின சாக்லேட்ல ஊத்திக் கலக்குங்க. ஆறினதும் பாட்டில்ல போட்டுக்கிட்டா பிஸ்கட்டுல தடவ வேண்டியதுதான். குளிர்ல கட்டிச் சாக்லேட் அளவுக்கு இறுகாது, செங்கல் மேல அடுக்கற வேலை மிச்சம். சிக்கரி கலக்காத தூளா இருக்கட்டும்.

கருப்பட்டித் தேங்காய்ப் பூரணம்: சைவக்காரங்களுக்கு இதை முதல் பந்தியாவே வைக்கலாம், மாற்று ஏற்பாடு மாதிரி இருக்காது. துருவின தேங்காய் ஒரு கப், கருப்பட்டி 100 கிராம் கரைச்சு வடிகட்டினது, சுக்கு, ஏலம். ஒட்டாம உருண்டு வர்ற வரைக்கும் கிளறுங்க. ஸ்மோர்ஸுக்குக் கொழுக்கட்டைப் பூரணத்தைவிட ஒரு பதம் கூடவே இருக்கணும். பிஸ்கட் நடுவுல வச்சு, தணல் மேல போட்ட தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் ஒரு நிமிஷம்.

கடலை மிட்டாயை முழுசா வச்சா பல்லு போயிடும். இடிச்சு, உருகின சாக்லேட் மேல தூவுங்க.

பழம்: நல்லாப் பழுத்த நேந்திரம் அல்லது மோரிஸ் வாழைப்பழம். உள்வளைவுப் பக்கமா தோலோட நீளவாக்குல கீறுங்க, அடித்தோல் அறுபடாம. கீறல்ல சாக்லேட் துண்டு, பொடி மார்ஷ்மெல்லோ திணிச்சு ஃபாயில்ல சுத்தி, கீறல் மேல பார்க்கத் தணல்ல 8 நிமிஷம். தோல் கறுத்தா பயப்படாதீங்க, உள்ள ஒண்ணும் ஆகாது. ஸ்பூனால தோண்டிச் சாப்பிடலாம், பிஸ்கட்டே வேண்டாம். பூவன் சூட்டுல புளிக்கும். கமலா ஆரஞ்சைப் பாதியாக்கி, சுளையை எடுத்துட்டு அந்தக் கிண்ணத்துலயும் இதே மாதிரி பண்ணலாம். தோல் மெல்லிசு, ஃபாயில் ரெண்டு சுத்து வேணும்.

---

கறார்_சுவை பதில்:

தட்டுவடை யோசனை கேக்க ஜோரா இருக்கு, ஆனா எண்ணெயில பொரிச்சது மேல மார்ஷ்மெல்லோ பசை ஒட்டாது, வழுக்கும். பெருங்காய வாசம் வேற சாக்லேட்டோட சண்டை போடும். பசங்க ஒரு கடி கடிச்சுட்டு வச்சுடுவாங்க.

---

லீபஜார்_லிஸ்ட் பதில்:

வழுக்கறது நிஜம்தான். டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு, தணல் ஓரத்துல ஒரு நிமிஷம் காட்டினா எண்ணெய் இறங்கிடும். பெருங்காயம் பத்தி நீங்க சொன்னதை ஒத்துக்கறேன், பால் சாக்லேட்டோட சேரவே சேராது. பெரியவங்களுக்கு மட்டும் ஒரு பத்துத் தட்டுவடை எடுத்துட்டுப் போங்க, மொத்தமா அதையே நம்பாதீங்க.

---

அஸ்தம்பட்டி_பயணி கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு. அளவு எவ்வளவு வாங்கறது? கடைசிப் பொடிசுக்கு மூணு வயசு, அவனை வச்சுக்கிட்டு எப்படிச் சமாளிக்கறது?

---

தணல்காரன் பதில்:

ஆளுக்கு ரெண்டுன்னா 30. அதுல சைவம் 8, மீதி 22. ஜெலட்டின் மார்ஷ்மெல்லோ பெரிசு 30 வாங்குங்க, எட்டு நெருப்புக்குக் காணிக்கை. டைஜஸ்டிவ் 70, அதாவது ஒரு கிலோ வாக்குல. சாக்லேட் ஒண்ணுக்கு 12 கிராம், 400 கிராம் போதும். லேபிள்ல ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்புன்னு இருந்தா அது கம்பவுண்ட், அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதிலா வேற கொழுப்பு போட்டது, மெழுகு மாதிரி வாயில நிக்கும். மலையேற்றத்துக்கு முன்னாடி காரை வெயில்ல நிறுத்தினா சாக்லேட் சேலத்துலயே உருகிடும், மேல போய் வெள்ளை பூத்துக்கும். சாப்பிட ஒண்ணும் ஆகாது, பார்க்க நல்லா இருக்காது. தண்ணி பாட்டிலோட ஐஸ் பெட்டியில வைங்க.

மூணு வயசுக்கு முழு மார்ஷ்மெல்லோ குடுக்காதீங்க. மெத்துன்னு இருக்கறதால தொண்டையில அடைச்சுக்கும். நாலா நறுக்கி, ஆறினதுக்கு அப்புறம், உக்கார வச்சு. பெரிய பசங்க ஒரு நேரத்துக்கு ரெண்டு பேர் மட்டும் தணல் பக்கம், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிக்கணும். தீப்பிடிச்ச மார்ஷ்மெல்லோவை வீசி அணைக்கப் பார்க்கறதுதான் ஆபத்து. எரியற பாகு பறந்து அடுத்தவங்க மேல ஒட்டும். கம்பியை அசைக்காம பக்கத்துல கொண்டு வந்து ஊதச் சொல்லிக் குடுங்க. மேல பட்டுட்டா ஓடற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். ஒட்டின பாகைப் பிய்க்காதீங்க. பேஸ்ட், மை, நெய் எதுவும் தடவக்கூடாது. ஒரு பக்கெட் தண்ணியும் ஒரு பக்கெட் மண்ணும் மூட்டறதுக்கு முன்னாடியே பக்கத்துல இருக்கணும்.

குழியைச் சுத்தி 3 மீட்டருக்குச் சருகைக் கூட்டுங்க. சில்வர் ஓக் சருகு அந்த மாசத்துல காகிதம் மாதிரி காஞ்சு கிடக்கும். பங்களா வளாகத்தை விட்டு வெளிய, காட்டு ஓரத்துல மூட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. காப்புக்காட்டுல தீ மூட்டறது குற்றம். 2018 மார்ச்ல தேனி மாவட்டக் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில செத்துப் போனது மறந்திருக்காது. காத்து பலமா அடிச்சா அன்னிக்கு வேண்டாம்னு விட்டுட்டு, உள்ள அடுப்புல தோசைக்கல்லை வச்சுப் பூரண ஸ்மோர்ஸ் போடுங்க.

முடிஞ்சதும் தண்ணி ஊத்திக் கம்பியால கிளறி, திரும்ப ஊத்துங்க. புறங்கையைச் சாம்பலுக்கு மேல காட்டிப் பாருங்க, வெதுவெதுப்பு தெரிஞ்சா இன்னொரு பக்கெட். பிஸ்கட் தூள், மார்ஷ்மெல்லோ ஒட்டின ஃபாயில் எல்லாத்தையும் மூடி போட்ட டப்பாவுல போட்டுக் கீழ எடுத்துட்டு வந்துடுங்க. வெளிய விட்டா ராத்திரி எறும்பு, காலையில குரங்கு. கம்பியை மட்டும் அப்பவே வெந்நீர்ல போடுங்க, காஞ்ச பாகைச் சுரண்டி எடுக்கறதுக்குள்ள கை வலிச்சுடும்.